ஐந்து மணி உண்டு, வகுப்பு எங்கே?

ஜவ்வாது மலையில் ஆடும் பிள்ளைகளுக்குப் பஞ்சம் கிடையாது. ஆட வைத்துப் பார்க்கும் அதிகாரிகளுக்கும் பஞ்சம் கிடையாது. சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் கிடையாது.

மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூரில் ஆண்டுதோறும் அரசு கோடை விழா நடத்துகிறது. கார்கள் வரிசைகட்டி மலையேறும். துறைக்கு ஓர் அரங்கு. மேடையில் பள்ளிப் பிள்ளைகளின் நடனம். மற்றதை நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ஏதாவது ஓர் அரசு விழாவுக்கு நீங்கள் போயிருந்தால் போதும். காலையிலேயே அரிதாரம் பூசிப் பிள்ளைகளை உட்கார வைத்துவிடுவார்கள். பெரிய மனிதர்கள் வந்து சேரும்போது அரிதாரம் கழுத்து வரை வழிந்திருக்கும். நடனத்துக்கு ஐந்து நிமிடம். மேடையில் இருப்பவர்களின் பெயர்களை வாசிக்க அரை மணி நேரம்.

மலைப்பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவில் ஒரு சிறுமியிடம் பேச்சுக் கொடுத்தேன். ஏழாம் வகுப்பு இருக்கும். பிரமாதமாக ஆடியிருந்தாள்.

“யாரும்மா சொல்லிக் கொடுத்தது?”

“போன்ல பார்த்துக் கத்துக்கிட்டோம் சார்.”

“டீச்சர் யாரும் இல்லையா?”

“கணக்கு டீச்சர்தான் சார் போன் குடுத்தாங்க.”

மலையின் மொத்த நடனக் கல்வித் திட்டமும் அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. ஆசிரியர், யூடியூப். கட்டமைப்பு, கணக்கு டீச்சரின் போன். நிதி ஒதுக்கீடு, அவர் சொந்தக் காசில் போட்ட ரீசார்ஜ். சிக்னல் போய்ப் படம் நின்றுவிட்டால் அன்றைய பாடம் அத்தோடு சரி.

சரி, அரசுக்குக் கலைமேல் அக்கறையே இல்லையா? அபாண்டமாகச் சொல்லக் கூடாது. நிறைய இருக்கிறது. 2022-இல் பள்ளிக் கல்வித்துறை ‘கலைத் திருவிழா’ தொடங்கியது. பள்ளி அளவில் போட்டி. வட்டார அளவில் போட்டி. மாவட்ட அளவில், மாநில அளவில் போட்டி. வென்றால் கலையரசன், கலையரசி என்று பட்டம். வெளிநாட்டுச் சுற்றுலாகூட உண்டு. நல்ல திட்டம். கூச்சத்தில் மூலையில் நின்ற எத்தனையோ பிள்ளைகள் மேடை ஏறியது அதனால்தான். மறுக்கவில்லை.

ஆனால் ஒரு சின்னச் சந்தேகம். போட்டியில் நடனம் இருக்கிறது. பள்ளியில் நடனம் சொல்லித் தருபவர் யார்?

2017-இல் ஆசிரியர் தேர்வு வாரியம் சிறப்பாசிரியர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது. மொத்தம் 1,325 இடங்கள். உடற்கல்வி, ஓவியம், இசை, தையல். நடனத்துக்கு எத்தனை? தேட வேண்டாம். நான் தேடிவிட்டேன். நடத்தாத பாடத்துக்குத் தேர்வு வைத்து, முதல் மதிப்பெண் வாங்கியவருக்குப் பட்டமும் சூட்டுகிற வித்தையை உலகத்துக்கு நாம்தான் கற்றுக் கொடுக்க வேண்டும்.

பட்டியலில் இடம் பிடித்த கலைகளாவது சுகமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். 2012-இல் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி என்று பல பாடங்களுக்குப் பகுதிநேர ஆசிரியர்கள் 16,549 பேரை எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. மாதம் 5,000 ரூபாய். மே மாதம் சம்பளம் கிடையாது என்றார்கள். மே மாதத்தில் ஆசிரியருக்கு வயிறு விடுமுறையில் போய்விடும் என்று யாரோ ஒரு மேதை கண்டுபிடித்திருக்க வேண்டும். இவர்களைப் பணி நிரந்தரம் செய்வோம் என்று 2021 தேர்தலில் தி.மு.க. சொன்னது. வாக்குறுதி எண் 181. ஆட்சி வந்தது. 2023-இல் சம்பளம் 12,500 ஆகும் என்று அறிவித்தார்கள். நிரந்தரம் ஆனது ஒன்றே ஒன்று. அவர்களின் போராட்டம்.

டில்லியைக் கேட்கலாமே என்பீர்கள். கேட்கலாம். 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையில் கலை, பண்பாடு, பாரம்பரியம் என்று பக்கம் பக்கமாக உருகியிருக்கிறார்கள். படித்தால் கண்ணில் நீர் வரும். அந்தக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்றதும், பள்ளிக் கல்விக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தார்கள். கொள்கையில் கலை, கஜானாவில் பூட்டு. இரண்டு அரசுகளும் ஒன்றையொன்று கைகாட்டி ஆடும் அந்த ஜுகல்பந்திக்கு எந்த ஊரிலும் அரங்கேற்றம் தேவையில்லை. தினமும் நடக்கிறது.

பயிற்சி கொடுக்காவிட்டால் என்ன, பட்டம் கொடுக்கிறார்களே. மாவட்டந்தோறும் கலை பண்பாட்டுத்துறை விருது தருகிறது. பதினெட்டு வயதுக்குள் இருந்தால் ‘கலை இளமணி’. அதைத் தாண்டினால் ‘கலை வளர்மணி’. பிறகு ‘கலைச் சுடர்மணி’. தலை நரைத்தால் ‘கலை நன்மணி’. பல் போனால் ‘கலை முதுமணி’. அதற்கும் மேலே மாநில அளவில் ‘கலைமாமணி’ வேறு. எத்தனை மணிகள்! மலைப்பள்ளியில் நடன வகுப்புக்கான மணி மட்டும் இன்றுவரை அடிக்கவில்லை.

முதுமணி ஆகும்வரை காத்திருக்க உடம்பு இடம் கொடுக்காதவர்களுக்கும் வழி உண்டு. ‘நலிந்த கலைஞர்’ உதவித்தொகை. மாதம் 3,000 ரூபாய். அதற்கு வருமானச் சான்று, வயதுச் சான்று, கலைஞர் என்பதற்குச் சான்று எல்லாம் வைத்து நலிந்துபோனதை நிரூபிக்க வேண்டும். ஆட்டத்தைச் சொல்லித் தரும் வாத்தியார் இவர் என்று ஒரு நாட்டுப்புறக் கலைஞருக்கு நாம் பள்ளியில் வேலை கொடுப்பதில்லை. ஆடி நலிந்துவிட்டார் என்று மட்டும் அத்தாட்சி கொடுக்கிறோம்.

இங்கேதான் வேடிக்கை உச்சத்துக்குப் போகிறது. நடனம் படிக்க இந்த மாநிலத்தில் ஏணியே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உயரமான ஏணி இருக்கிறது. பதினேழு மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் இருக்கின்றன. பரதநாட்டியம் அங்கே மூன்றாண்டுப் படிப்பு. அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. அரசு நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் ஓவியம், தையல், கைத்தறி, அச்சுக்கலை, வேளாண்மை ஆகியவற்றோடு நடனமும் உண்டு. லோயர், ஹையர் என்று இரண்டு படி. உச்சியில் 2013-இல் தொடங்கிய தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம். அதன் வேந்தர் முதலமைச்சரே. மற்றப் பல்கலைக்கழகங்களில் எது நடக்காவிட்டாலும் ஆளுநர் தலையில் பழியைப் போடலாம். இங்கே அந்தச் சௌகரியமும் இல்லை.

அப்புறம் என்ன குறை? ஏணியின் அடிப்படியான இசைப் பள்ளி திருவண்ணாமலையில் இருக்கிறது. பிள்ளை ஜவ்வாது மலை உச்சியில் இருக்கிறது. ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்கி, அங்கிருந்து திருவண்ணாமலைக்கு இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். பரதம் கற்க வேண்டுமானால் அந்தச் சிறுமி தங்கிப் படிக்கும் விடுதியையும் பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டு வர வேண்டும். ஓர் எட்டு எடுத்து வைத்தால் ஏறிவிடலாம் என்று கீழே நிற்பவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் மலைச்சாலை பஸ்ஸுக்கு ஒரு நாளாவது காத்திருந்ததில்லை.

உச்சியிலிருந்து பார்த்தாலும் அதே கதைதான். அரசே கல்லூரி வைத்து நடனம் கற்றுக் கொடுக்கிறது. அரசே பரீட்சை வைக்கிறது. அரசே பட்டம் கொடுக்கிறது. பட்டம் வாங்கிய பெண், அரசுப் பள்ளியில் வேலை கேட்டு வந்தால், “நடனத்துக்கு போஸ்ட் இல்லையேம்மா” என்கிறது அதே அரசு. நட்டுவாங்கத்துக்கு வேண்டியது தட்டுக்கழி. நம் அலுவலகங்களுக்குத் தெரிந்தது தட்டிக்கழிப்பு.

வேலை இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? நகரத்து மாடிகளில் வகுப்பு எடுப்பார்கள். அதில் தவறில்லை. ஆனால் வகுப்பைவிடச் சான்றிதழ் வேகமாக விலைபோகும் சந்தை ஒன்று முளைத்துவிட்டது. பெயர், உலக சாதனை. 2024 டிசம்பர் 29 அன்று கொச்சி கலூர் ஸ்டேடியத்தில் ஏறத்தாழ 11,600 பேர் ஒன்றாகப் பரதம் ஆடினார்கள். தற்காலிக மேடையிலிருந்து சட்டமன்ற உறுப்பினர் உமா தாமஸ் கீழே விழுந்து படுகாயம் அடைந்தார். ஆட்டம் நிற்கவில்லை. சாதனை அல்லவா! தலா 390 ரூபாய்க்குத் தாங்கள் கொடுத்த சேலை 1,600 ரூபாய்க்குப் பிள்ளைகளிடம் விற்கப்பட்டதாகத் துணிக்கடைக்காரர்களே பிறகு சொன்னார்கள். மைதானத்தில் இருந்த பெற்றோரில் எத்தனை பேருக்கு, தங்கள் பிள்ளை முழங்காலை மடக்கி நிற்கும் அரைமண்டி சரியா என்று யாராவது சொல்லியிருப்பார்கள்? பதினோராயிரம் பேர் ஒரே நேரத்தில் ஆடும்போது யாருடைய முழங்காலை யார் பார்ப்பது? தவறாகத் தட்டினால் பத்து வயது முழங்கால் முப்பது வயதில் பழிவாங்கும். சாதனைச் சான்றிதழில் அதற்கு இடம் கிடையாது.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்ய முடியாதா? செய்திருக்கிறார்கள். அதுவும் தமிழர்களே. வட இலங்கை சங்கீத சபை 1931-இல் தொடங்கியது. தரம் தரமாகப் பரீட்சை. கடைசியில் ஆசிரியர் தரம். அதில் தேறினால் ‘கலாவித்தகர்’. இலங்கைப் பள்ளிகளில் பரதம் ஒரு பாடம். சாதாரண தரப் பரீட்சையில் அதை எழுதலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இராமநாதன் பெயரிலேயே நுண்கலைக்கு ஓர் அமைப்பு இருக்கிறது. குண்டு விழுந்துகொண்டிருந்த ஊரில் பாடத்திட்டம் பிழைத்திருந்தது. குண்டு எதுவும் விழாத நம் ஊரில் அது பிறக்கவே இல்லை.

லண்டனுக்குப் போங்கள். 1904-இல் தொடங்கிய இம்பீரியல் சொசைட்டி ஆஃப் டீச்சர்ஸ் ஆஃப் டான்சிங் என்ற அமைப்பு, பாலேவுக்கு வைப்பதுபோலப் பரதத்துக்கும் கதக்குக்கும் படிப்படியாகத் தேர்வு வைக்கிறது. ஆசிரியராக வேண்டுமென்றால் அதற்குத் தனித் தகுதி. தேம்ஸ் கரையில் ஒரு தமிழ்ப் பிள்ளை முறைப்படி பரதம் படித்து அத்தாட்சி வாங்கலாம். செய்யாற்றங்கரையிலிருந்து மலையேறினால் முடியாது.

உடனே ஒருவர் எழுந்து, “பழங்குடிப் பிள்ளைக்குப் பரதம் எதற்கு? அவர்களுக்குத்தான் சொந்த ஆட்டம் இருக்கிறதே” என்பார். அக்கறை மாதிரியே இருக்கும். ஏமாறாதீர்கள். இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்குச் சேர்வையாட்டம் இருக்கிறது. சரி. அதைச் சொல்லித் தர ஒரு மலைப்பள்ளியிலாவது ஒரு பெரியவரைச் சம்பளம் கொடுத்து அமர்த்தியிருக்கிறீர்களா? விழாவுக்கு விருந்தினர் வரும்போது வாசலில் ஆட மட்டும் கூப்பிடுவீர்கள். ஆடி முடித்ததும் பொட்டலம். கேட்டால், “அவருக்குக் கல்வித் தகுதி இல்லையே.”

இந்தப் பதில் பழைய பதில். 1932-இல் மெட்ராஸ் மியூசிக் அகாடமியில் தீர்மானம் போட்டு, தேவதாசிகள் ஆடிய சதிருக்குப் பரதநாட்டியம் என்று பெயர் வைத்தார்கள். 1936-இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. கொடுமை ஒழிந்தது நல்லது. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஆட்டத்தைக் காப்பாற்றிய குடும்பங்கள் மேடையிலிருந்து இறங்கின. மற்றவர்கள் ஏறினார்கள். ருக்மிணி தேவிக்கே சொல்லிக் கொடுத்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை எந்தப் பல்கலைக்கழகத்திலும் பட்டம் வாங்கவில்லை. அவர் வழிவந்த ஆட்டத்துக்கு இன்று முனைவர் பட்டம் கொடுக்கிறார்கள். இன்று அவரே வேலை கேட்டு வந்தால், நெட் தேர்வு எழுதியிருக்கிறீர்களா ஐயா என்று கேட்டு, பெஞ்சில் உட்கார வைத்திருப்போம். கலையை வைத்திருந்தவர்களுக்குச் சான்றிதழ் கிடையாது. எடுத்துக்கொண்டவர்கள் சான்றிதழ் அச்சடிக்கிறார்கள். பந்தநல்லூரில் நடந்தது இன்று மலையில் நடக்கிறது.

அங்கீகாரம் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல வரவில்லை. 1993-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் கலாக்ஷேத்ரா தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆனது. அதைவிடப் பெரிய முத்திரை இந்த நாட்டில் இல்லை. 2023 மார்ச் இறுதியில் அதன் மாணவிகள் பாலியல் தொல்லைப் புகார்களோடு வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். புகாரைக் காது கொடுத்துக் கேட்க வைப்பதற்கே அவர்கள் ஊரறிய உட்கார வேண்டியிருந்தது. ஆசிரியரின் அடவைச் சோதிக்கும் அங்கீகாரம் போதாது. பிள்ளையை அவர் எப்படி நடத்துகிறார் என்பதையும் சோதிக்க வேண்டும். வீட்டைவிட்டு விடுதியில் தங்கிப் படிக்கும் மலைப்பிள்ளைக்கு இது இரண்டு மடங்கு அவசியம்.

மலைக்குச் சான்றிதழ் ஒன்றும் புதிதல்ல. பள்ளியில் சேரச் சாதிச் சான்றிதழ். அதற்கு நடையாய் நடந்து தேய்ந்த செருப்புகள் எத்தனை என்று தாலுகா ஆபீஸ் படிக்கட்டைக் கேளுங்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று சொல்லி இருபது பேரை ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் இருந்தார்கள். அந்த வீடுகளுக்குக் கேட்காமலே ஒரு சான்றிதழ் வந்தது. இறப்புச் சான்றிதழ். மலை இளைஞனுக்குக் கோடாரியைத் தவிர வேறு திறமை தெரியாது என்று நினைக்கும் நாட்டில், அவன் தங்கைக்கு ஆட்டம் ஒரு படிப்பாகவும் வேலையாகவும் ஆகட்டும் என்று கேட்பது ஆடம்பரமா?

இந்த மலையின் காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி இருக்கிறது. 1986 முதல் அதில் நட்சத்திரங்களைப் பார்க்கிறார்கள். பல ஒளியாண்டுக்கு அப்பால் இருப்பது நன்றாகத் தெரிகிறது. பக்கத்து விடுதியில் ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளை தெரியவில்லை.

அத்திப்பட்டில் மத்திய அரசுத் திட்டத்தில் பழங்குடிப் பிள்ளைகளுக்கு ஓர் உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறது. ஏகலைவா மாதிரிப் பள்ளி. நாடு முழுக்க இதே பெயர். ஏகலைவன் குரு கிடைக்காமல் தானே கற்றுக்கொண்டவன், கற்றதற்குத் தண்டனையாகக் கட்டைவிரலை இழந்தவன். பழங்குடிப் பள்ளிக்கு இந்தப் பெயரை வைத்தவர் ஒன்று மகாபாரதம் படித்திருக்க மாட்டார், அல்லது மிக நன்றாகப் படித்திருப்பார். பரதத்தில் ‘சிகரம்’ என்றொரு முத்திரை. நான்கு விரலை மடக்கி, கட்டைவிரலை நிமிர்த்த வேண்டும். மலைப்பிள்ளைக்குச் சிகரம் காட்டத் தெரியும். விரலை மட்டும் விட்டுவைத்தால் போதும்.

கேட்பது பெரிதல்ல. கோடை விழாப் பந்தல் செலவைத் தொடவே வேண்டாம். மலையின் உறைவிடப் பள்ளிகளுக்கு நிரந்தர நடன ஆசிரியர் பணியிடம் உருவாக்குங்கள். அரசுக் கல்லூரியில் படித்து வேலையின்றி இருப்பவர்களைக் கொண்டே நிரப்பலாம். அவர்களோடு சேர்வையாட்டம் தெரிந்த மலைப் பெரியவரையும் ஆசிரியராக அமர்த்துங்கள். பன்னிரண்டு மாதமும் சம்பளம் கொடுங்கள், மே மாதம் உட்பட. தேர்வு மையத்தை ஜமுனாமரத்தூரில் வையுங்கள். பாடத்திட்டத்தில் பரதமும் இருக்கட்டும், மலையாட்டமும் இருக்கட்டும். பிள்ளை எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். சான்றிதழைக் கடைசியில் கொடுங்கள். முதலில் வாத்தியாரைக் கொடுங்கள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ஆடத் தெரிந்தவளுக்குக் கூடமே கிடையாது. குறை சொல்லக்கூட அவளுக்கு எதுவும் இல்லை.

வரும் ஆண்டும் கலைத் திருவிழா நடக்கும். நடனப் பிரிவு உண்டு. நடுவர் உண்டு. கேடயம் உண்டு. கணக்கு டீச்சரின் போன் உண்டு. நடன ஆசிரியர் பணியிடம், பூஜ்யம்.